காலி அட்டை காட்டி வாங்கிய மாத்திரை

நான் வேலை பார்த்த மருந்துக்கடையில் இப்போது என் இடத்தில் நிற்கும் பெண் போன வாரம் போன் செய்தாள். "சார், காலி அட்டைய காட்டி இதே மாதிரி குடுன்றாங்க. சீட்டு எங்கன்னு கேட்டா கோச்சிக்கினு பக்கத்துக் கடைக்குப் போறாங்க. நீங்க இருந்தப்ப எப்படி சார் சமாளிச்சீங்க?" என்று கேட்டாள்.

நான் எங்கே சமாளித்தேன்? எடுத்துக் கொடுத்தேன். அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, "குடுக்காதம்மா" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். போனில் சொல்கிற விஷயம் இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்றேன். அதுதான் இது.

மருந்தாளுநர் படிப்பு இரண்டு வருஷம். அதன்பிறகு ஆறு மாதம் ஒரு அரசு மருத்துவமனையில் மாத்திரை எண்ணிப் பொட்டலம் கட்டினேன். படித்ததைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. மீதி வாழ்க்கை கள்ளக்குறிச்சியில் கவுன்டருக்குப் பின்னால் நின்றபடி போனது. கடைசிப் பதினோரு வருஷம், மாடியில் தோல் டாக்டர், கீழே மருந்துக்கடை என்று இருந்த ஒரு கட்டிடத்தில். சீட்டு மேலே எழுதப்படும், கீழே என் கைக்கு வரும்.

எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு காலி மாத்திரை அட்டைகள் இருக்கும். காலண்டருக்குப் பின்னால், சாமி படத்துக்குப் பின்னால், அரிசி டப்பாவுக்கு அடியில். டாக்டர் எழுதிய சீட்டு தொலைந்துபோகும், மழையில் நனையும். அட்டை அப்படிப் போகாது. படிக்கத் தெரியாதவர்களுக்கும் அது போதும். காட்டில் வேலைக்குப் போகிறவர், டவுனுக்குப் போகும் யாரிடமாவது அட்டையைக் கொடுத்து, "இதே மாதிரி வாங்கினு வா" என்பார். வாங்கி வந்தவர் அதை மலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டால் சாயங்காலத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும். கவுன்டரில் நிற்பவர் ஒருவர், மாத்திரை போடுகிறவர் இன்னொருவர். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் இப்படித்தான் ஓடியது. முகப்பருவுக்கும் இப்படி ஓடும் என்று எனக்கு உறைக்கவில்லை.

பரு மருந்து என்றால் எல்லோருக்கும் பவுடர், ஸ்னோ மாதிரி ஒரு நினைப்பு. எலவனாசூர்கோட்டையிலிருந்து ஒரு கல்லூரிப் பையன் வந்தான். இரவில் முகத்தைக் கழுவித் துடைத்துவிட்டு, முகம் முழுவதற்கும் சேர்த்துப் பட்டாணி அளவு தடவு, முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் போதும் என்று எழுதிய ஜெல்லை, சீக்கிரம் தெளியட்டும் என்று காலை, மதியம், இரவு மூன்று வேளையும் அப்பிக்கொண்டு, அதே முகத்தோடு கரும்புக் காட்டில் வெயிலில் நின்றிருக்கிறான். நாலாம் நாள் முகம் தோல் உரிந்து சிவந்து, கண்ணைத் திறக்க முடியாமல் வந்தான். "மருந்து பவரா இருக்கு சார்" என்று அதிலும் ஒரு பெருமை. திருக்கோவிலூரிலிருந்து ஓர் அம்மா புதுத் தலையணை உறையைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்துப் போட்டார். சிவப்புத் துணியில் கன்னம் படுகிற இடமெல்லாம் வெளுத்திருந்தது. "துணியையே வெளுக்குதே, எம் பொண்ணு மூஞ்சிய இன்னா பண்ணும்?" என்று சண்டை. மகளுக்கு எழுதிய ஜெல் சாயத்தை வெளுக்கும், தோலை வெளுக்காது, வெள்ளைத் துண்டு போட்டுப் படுக்கச் சொல்லுங்கள் என்று புரியவைப்பதற்குள் என் தொண்டை வற்றிவிட்டது. இதையெல்லாம் முதல் நாளே நான் சொல்லியிருக்க வேண்டும். கூட்டத்தில் சொல்லவில்லை.

மாடியில் இருந்த டாக்டரம்மா அப்படி இல்லை. என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். மெலிந்த உடம்பு, மெல்லிய குரல். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. என்னை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார். 'சார்' என்று கூப்பிட்டால் கோபமாக இருக்கிறார் என்று அர்த்தம். சாதாரணப் பருவுக்குப் பூசுகிற மருந்துதான் எழுதுவார். ஆழமாகக் கட்டி கட்டியாக வந்து குழி விழுகிறவர்களுக்கு மட்டும் ஐசோட்ரெட்டினாயின் என்ற மாத்திரை. அதை எழுதும்போது பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு, எதிரே இருப்பவரைத் திருப்பிச் சொல்லச் சொல்வார். ரத்தப் பரிசோதனை எப்போது? சாப்பிட்டுத்தானே போடணும்? ரத்ததானம் பண்ணலாமா? யாருக்காவது கொடுக்கலாமா? ஒரு பதில் தப்பினாலும் முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

பெண்களுக்கு இன்னும் கெடுபிடி. ஒவ்வொரு மாதமும் கர்ப்பம் இல்லை என்று பரிசோதனை செய்து காட்டினால்தான் அடுத்த முப்பது நாளுக்கு மாத்திரை. சாப்பிடும் காலம் முழுக்கவும், நிறுத்தி ஒரு மாதம் வரைக்கும் கரு தங்கக் கூடாது. அதற்குரிய தடுப்பு முறைகளை மாமியார் பக்கத்தில் இருந்தாலும் வெளிப்படையாகப் பேசுவார். சில பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வார்கள். "வெட்கமா இருந்தா பூசற மருந்தே போதும். இது வேணும்னா பேசித்தான் ஆகணும்" என்பார். காரணம் இதுதான்: வயிற்றில் குழந்தை இருக்கும்போது இந்த மாத்திரை உள்ளே போனால் அதன் மூளை, இதயம், காது, முகம் எது வேண்டுமானாலும் கோளாறாகலாம். கொஞ்ச நாள் சாப்பிட்டாலும் ஆகலாம். எல்லாக் குழந்தைக்கும் ஆகும் என்றில்லை. எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

தினேஷ் செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்த பையன். சங்கராபுரம் பக்கம் ஊர். தாடை முழுக்கச் சீழ் கட்டிகளோடு வந்தவன். ஏழு மாதம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு முகம் தெளிந்தது. மாதாமாதம் கவுன்டரில் பார்த்துப் பார்த்து எனக்கு நல்ல பழக்கம். அப்புறம் சில மாதம் ஆளைக் காணவில்லை. ஒருநாள் திடீரென்று காலி அட்டையோடு வந்தான். "சார், இதுல பத்து." கவுன்டரில் எட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். தெரிந்த முகம், தெரிந்த மாத்திரை. எடுத்துக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து மறுபடி அதே மாதிரி வந்தான், மறுபடி கொடுத்தேன்.

அந்த இரண்டாம் தடவை கொஞ்ச நேரம் கழித்து டீ குடிக்க வெளியே போனேன். பஸ் நிறுத்தத்தை ஒட்டிய டீக்கடையில் தினேஷ் மிளகாய் பஜ்ஜியைக் காரச் சட்னியில் முக்கி முக்கித் தின்றுகொண்டிருந்தான்.

இந்த மாத்திரை சாப்பிடுகிற யாருக்கும் உதடு காய்ந்து வெடித்துத்தான் இருக்கும். ரசம் சாதத்துக்கே 'ஸ்ஸ்' என்பார்கள். இவனும் அந்த ஏழு மாதம் அப்படித்தான் இருந்தான். இப்போது உதடு எண்ணெயில் பளபளவென்று இருந்தது.

"தம்பி, மாத்திரை யாருக்கு?" என்றேன்.

"எனக்கு இல்ல சார். அண்ணிக்கு. எம்மூஞ்சி தெளிஞ்சத பாத்துட்டு எனக்கும் வாங்கிக் குடுன்னு கேட்டாங்க. மிச்சம் ஆறு வச்சிருந்தேன், அத மொதல்ல குடுத்தேன். அப்புறம் ஒரு அட்ட. இப்ப இது."

"யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா படிச்சுப் படிச்சு சொன்னாங்களே!"

"யாருக்கும்னா வெளி ஆளுங்களுக்கு சார். அண்ணி வெளி ஆளா?"

அவன் குறும்புக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் புரிந்துவைத்திருந்தான். மாத்திரை எங்கே என்று கேட்டேன். வெள்ளிமலை பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பியாயிற்று, பஸ் போய்ப் பத்து நிமிஷம் ஆகிறது என்றான். அண்ணன் ஏழுமலை மலையில் மரவள்ளிக் கிழங்கு லோடு ஏற்றி வேன் ஓட்டுகிறான். புருஷன் பெண்டாட்டி அங்கேயே வாடகை ரூமில் இருக்கிறார்கள்.

அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். டாக்டரம்மா பார்த்துக்கொண்டிருந்த நோயாளியை வெளியே உட்காரச் சொன்னார். பேனாவை மூடினார். நான் சொல்லச் சொல்ல என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவனிடம் திரும்பினார்.

"அண்ணிக்கு வயசு என்ன?"

"இருவத்தாறு மேடம்."

"கல்யாணம் ஆகி?"

"நாலு வருசம். கொழந்த இல்ல. அதுக்குத்தான் பாத்துக்கினு இருக்காங்க."

அவர் மூடிய பேனாவை மேசையில் வைத்தார். பிறகு என்னிடம், "சார், நீங்க மருந்து கொடுக்கல. அட்டைக்கு அட்டை மாத்திக் கொடுத்திருக்கீங்க" என்றார். அவ்வளவுதான். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அண்ணிக்குப் போன் போட்டோம். தொடர்பு எல்லைக்கு வெளியே. ஏழுமலைக்குப் போட்டோம், அதுவும் அப்படியே. "போய்க் கூட்டிட்டு வாங்க. மாத்திரையை மட்டும் வாங்கிட்டு வந்துடாதீங்க, ஆளைக் கூட்டிட்டு வரணும். நான் இங்கேயே இருக்கேன்" என்றார்.

தினேஷின் பைக்கில் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். கச்சிராயபாளையத்துக்குள் பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டோம். அது கரும்பு வெட்டுக் காலம். ஆலைக்குப் போகிற டிராக்டர்கள், இரண்டு பக்கமும் தோகை தொங்க, ரோட்டை அடைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருந்தன. ஒன்றைத் தாண்டினால் முன்னால் இன்னொன்று. ஹாரன் அடித்தால் டிராக்டர்காரன் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறான். எனக்கு அழுகை வந்தது. கச்சிராயபாளையம் போனபோது பஸ் போய்விட்டது என்றார்கள்.

மலை ஏற ஆரம்பித்ததும் தினேஷ் பேச ஆரம்பித்தான். "ஒண்ணும் ஆவாது இல்ல சார்?" ஒவ்வொரு வளைவிலும் இதையே கேட்டான். நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். மிச்சம் இருந்த ஆறு, அப்புறம் நான் கொடுத்த பத்து. பதினாறு மாத்திரை உள்ளே போயிருக்கிறது. முதல் தடவை வந்தபோது 'யாருக்கு' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஆறோடு நின்றிருக்கும். அந்தப் பத்தும் என் கையால் போனது.

வெள்ளிமலையில் நாங்கள் இறங்குவதற்குள், பஸ் நிற்கிற இடத்துக் கடையில் கண்டக்டர் கொடுத்துவிட்டுப் போன மாத்திரைப் பையை ஏழுமலை வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டிருந்தான். ரூமுக்குப் போனோம். சிமென்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை. வாசலில் வேன் நின்றது. தினேஷின் அண்ணி சத்யா குழாயடியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். உதடு வெடித்துத் தேங்காய் எண்ணெய் தடவியிருந்தாள். கன்னத்தில் பருக்கள் காய்ந்து அடங்க ஆரம்பித்திருந்தன.

"இன்னா தினேசு, சொல்லாம கொள்ளாம? மூஞ்சி தெளிஞ்சிக்கினு வருது பாத்தியா?" என்று சிரித்தாள்.

"அண்ணி, மாத்திர..."

"இப்பதான் சோறு துன்னுட்டுப் போட்டேன்."

பதினேழு.

நான் யார் என்று சொன்னேன். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். ஏழுமலை சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். அத்தனை வருஷம் மருந்துக்கடையில் நின்றும் எந்தப் பெண்ணிடமும் நான் கேட்காத கேள்வியை அங்கே கேட்க வேண்டியிருந்தது. கவுன்டரில் ஆம்பிளைகள் நிற்பார்களே என்று வாயை மூடிக்கொண்டிருந்த கேள்வி.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. கடைசியா தலைக்குக் குளிச்சு எத்தனை நாளாச்சு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் கோபப்படவில்லை. முகத்தில் சிரிப்பு பரவியது.

"நாப்பத்தஞ்சு நாளு சார். இவருகிட்டயே இன்னும் சொல்லல. நாலு வருசமா ஏமாந்து ஏமாந்து, இன்னொரு வாரம் போவட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

ஏழுமலை அவளைப் பார்த்தான். "நெசமாவா?" என்றான். அவன் வாயெல்லாம் பல். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள், நான் ஏதோ நல்ல சேதி சொல்ல வந்தவன் போல. அந்தச் சந்தோஷத்தை அரை நிமிஷம்கூட நான் விட்டுவைக்க முடியவில்லை. சொன்னேன். மாத்திரை என்ன, அது வயிற்றுக் குழந்தையை என்ன செய்யலாம் என்று சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை.

ஏழுமலை பாய்ந்து தம்பியை அறைந்தான். "இன்னாடா வாங்கிக் குடுத்த? எவன கேட்டுடா குடுத்த?" இரண்டாவது அறை விழுவதற்குள் நான் நடுவில் போனேன்.

"அவன அடிக்காதீங்க. சீட்டு கேக்காம, யாருக்குன்னு கேக்காம எடுத்துக் குடுத்தது நான்தான். தப்பு என்னுது."

ஓங்கின கை அப்படியே நின்றது. என்னை அடித்திருக்கலாம். என் நரைத்த தலையைப் பார்த்து விட்டுவிட்டான் போலிருக்கிறது. சத்யா மட்டும் உள்ளே போய் அட்டையைக் கொண்டுவந்தாள். ஒரு குழி காலியாக இருந்தது. அதை என்னிடம் கொடுத்துவிட்டு, "கெளம்பலாம் சார்" என்றாள்.

நாங்கள் வேனில் மலையிறங்கினோம், தினேஷ் பைக்கில் பின்னால் வந்தான். அவள் நடுவில் உட்கார்ந்து இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்திருந்தாள். வளைவு திரும்பும்போதெல்லாம் ஏழுமலை வேகத்தைக் குறைத்துக்கொண்டான். பாதி மலையில், "காது கேக்காம பொறக்குமா சார்?" என்று கேட்டாள். தெரியாதும்மா என்றேன். இன்னும் கொஞ்ச தூரம் போய், "எப்டிப் பொறந்தாலும் நான் வளத்துப்பேன்" என்றாள், யாரையும் பார்க்காமல். ஏழுமலை ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டினான். அந்த வேனில் இருந்து குதித்துவிடலாம் போல எனக்கு இருந்தது.

டாக்டரம்மா சொன்னபடி அங்கேயே இருந்தார். மதியச் சாப்பாடு மேசையில் திறக்காமல் இருந்தது. சத்யாவை மட்டும் உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். நாங்கள் மூன்று பேரும் வெளியே நின்றோம். சிறுநீர்ப் பரிசோதனை கார்டை நான் ஆயிரக்கணக்கில் விற்றிருக்கிறேன். ஐந்து நிமிஷ வேலை. ஒரு கோடு என்றால் இல்லை, இரண்டு கோடு என்றால் உண்டு. வாங்கிப்போகிற எல்லோருக்கும் இரண்டு கோடு விழட்டும் என்றுதான் நான் மனதில் நினைப்பேன். அன்றைக்கு, நாலு வருஷமாகக் குழந்தைக்குத் தவமிருக்கிற ஒருத்தியின் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, கடவுளே ஒரு கோடாக இருக்கட்டும் என்று வேண்டினேன். பக்கத்தில் ஏழுமலையும் கை கூப்பியிருந்தான். அவன் என்ன வேண்டினான் என்று எனக்குத் தெரியாது.

கதவு திறந்தது. ஒரு கோடு.

அதோடு டாக்டரம்மா விடவில்லை. ரத்தமும் எடுத்து அனுப்பினார். சாயங்காலம் முடிவு வரும்வரை யாரும் எங்கேயும் போகவில்லை. ரத்தத்திலும் இல்லை என்றே வந்தது. பிறகுதான் அவளை உட்காரவைத்துப் பேசினார். அவளுக்கு நாள் தள்ளிப்போவதும், முகத்தில் பரு வருவதும், கரு தங்காமல் இருப்பதும் ஒரே ஹார்மோன் கோளாறாக இருக்கலாம், மகப்பேறு டாக்டரைப் பார்க்க எழுதித் தருகிறேன் என்றார். இந்த மாத்திரையை இனித் தொடக் கூடாது, இன்றைக்குப் போட்டதிலிருந்து முழுசாக ஒரு மாதம் கரு தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்குப் பிறகு பயம் இல்லை என்றார். குழந்தைக்கு முயற்சி செய்கிறவர்களுக்கு ஒத்துவரும் பூச்சு மருந்து வேறு உண்டு என்று ஒன்றை எழுதினார். எல்லாவற்றையும் அவளைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

என்னிடம் அன்று வேறெதுவும் பேசவில்லை. மறுநாள் காலையில் 'அண்ணே' என்று கூப்பிட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அன்று சாயங்காலமே அந்தப் பூச்சு மருந்தை நான் எடுத்துக் கொடுத்தேன். எப்போது, எவ்வளவு, எங்கே படக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடையில் நின்றவர்கள் காத்திருந்தார்கள், காத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஏழுமலை வேனை எடுத்துவரப் போனான். சத்யா கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்றாள். பரிசோதனை கார்டு இன்னும் அவள் கையில் இருந்தது.

"உங்களுக்கு இப்ப நிம்மதியா சார்?" என்று கேட்டாள். குத்திக் காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஆமாம்மா" என்றேன்.

"எனக்கும் நிம்மதிதான் சார்" என்றாள். கார்டைத் திருப்பி இன்னொரு முறை பார்த்தாள். பிறகு அதைக் கவுன்டர் மேல் வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அத்தனை பேர் நடுவில் அழ ஆரம்பித்தாள்.